பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள்

(மாங்கேணியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு அலுமாரியில் நீலப் படம் போட்ட பழைய பீங்கான் ஒன்று இருந்தால் அதைச் சீனப் பீங்கான் என்று சொல்லிவிடுவோம். கொஞ்சம் வரலாறு படித்தவர் பக்கத்தில் இருந்தால், ஒல்லாந்தர் காலத்தது என்பார். இரண்டும் பெரும்பாலும் பிழை. அந்தப் பீங்கானில் என்ன படம் இருக்கிறது? கிளைகள் தாழத் தொங்கும் ஒரு வில்லோ மரம், பாலத்தில் நடக்கும் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள், ஓரத்தில் வளைந்த கூரை போட்ட மாளிகை, முன்னால் கோணல்மாணலாக ஒரு வேலி. பார்த்த மாத்திரத்தில் சீனாதான். ஆனால் அதைச் சுட்ட சூளை இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், ஸ்டோக் நகரத்தைச் சுற்றிய ஊர்களில் எங்கோ இருந்தது.

படத்துக்குள் ஒரு காதல் கதை இருப்பதாகவும் சொல்வார்கள். பணக்காரச் சீனன் ஒருவனின் மகள், தகப்பனிடம் கணக்கெழுதியவனை விரும்பி ஓடிப்போனாளாம். கடைசியில் இருவரும் பறவைகளாக மாறினார்களாம். அந்தக் கதையும் சீனாவிலிருந்து வரவில்லை. 1849இல் 'ஃபமிலி ஃப்ரெண்ட்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் அச்சான கதை அது. படம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகே கதை வந்தது. வியாபாரத்துக்கு நல்ல கதை என்றே நான் சொல்வேன்.

இங்கிலாந்துக்காரனுக்கு ஏன் இந்தச் சீன வேஷம்? பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் சீனப் பீங்கான் மோகம் பிடித்திருந்தது. தேயிலையோடு சேர்த்துக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1791இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி அதை மொத்தமாக இறக்குவதை நிறுத்தியது. விருப்பம் இருக்கிறது, சரக்கு இல்லை. ஸ்டாஃபர்ட்ஷயர்க்காரரிடம் களிமண்ணும் நிலக்கரியும் இருந்தன. சீனத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆள் தூரிகையால் வரைந்த படத்தை, கூலி கூடிய நாட்டில் மலிவாகப் போடுவது எப்படி என்பதுதான் கேள்வியாக இருந்தது.

விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1756இல் லிவர்பூல் நகரத்து ஜோன் சாட்லர், கை கிரீன் என்ற இரண்டு பேர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் அச்சிட்டது மெருகுக்கு, அதாவது பாண்டத்தின்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சுக்கு, மேலே. மேலே இருக்கும் படம் தேய்ந்துபோகும். படத்தை மெருகுக்கு அடியில் போட்டுச் சுடவேண்டும். வூஸ்டர் போன்ற இடங்களில் விலை கூடிய பீங்கானில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். சாதாரண மண்பாண்டத்தில் அதைத் திருத்தமாகச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்த பெருமையை, ஸ்டோக்கில் தொழிற்சாலை வைத்திருந்த ஜோசையா ஸ்போடுக்கு 1784ஆம் ஆண்டளவில் கொடுப்பது வழக்கம்.

அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு பீங்கானை இனங்காணும் அடையாளங்கள் எல்லாம் அந்த வேலையிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் செப்புத் தகடு. செதுக்குகிறவர் அதில் கோடுகளாலும் புள்ளிகளாலும் படத்தை வெட்டுவார். ஆழமாக வெட்டிய இடம் கடும் நீலமாக விழும். மெல்ல வெட்டிய இடம் வெளிறி விழும். ஒரு தகட்டை முடிக்கக் கிழமைக்கணக்கில் செல்லும். அதைச் சூடாக்கி, கோபால்ட் கலந்த தடித்த எண்ணெய் மையைத் தேய்த்து, மேலே மிஞ்சியதை வழித்துவிட்டு, சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். படம் தாளில் ஏறிவிடும். சின்னப் பெண்பிள்ளை ஒருத்தி ஓரக் கரை வேறு, நடுப் படம் வேறு என்று கத்தரிப்பாள். இன்னொரு பெண் அந்தத் துண்டுகளை ஒருமுறை சுட்ட, மெருகு இல்லாத தட்டில் பொருத்தி, விறைத்த தூரிகையால் பலங்கொண்ட மட்டும் தேய்ப்பாள். பிறகு தண்ணீரில் போட்டுத் தாளைக் கழுவி எடுத்தால் எண்ணெய் மை தட்டிலேயே நின்றுவிடும். எண்ணெய் எரிந்து போக ஒரு சூடு, மெருகுத் தொட்டியில் ஒரு முக்கு, மறுபடி சூளை. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நிறம் மாறாமல் நின்றது கோபால்ட் நீலம். ஆரம்பகால அச்சுப் பீங்கான்கள் பெரும்பாலும் நீலமாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். இளஞ்சிவப்பு, பச்சை, கபிலம், ஊதா எல்லாம் 1820களின் கடைசியில்தான் பரவலாக வந்தன. ஆகவே பச்சைப் படம் போட்ட தட்டைக் காட்டி 1800ஆம் ஆண்டுச் சாமான் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த மெருகில் ஈயம் இருந்தது. தொட்டியில் கைவைத்து முக்கியவர்களுக்கு அந்த நஞ்சு ஏறியது. கை விழுந்துபோனது, வயிற்று நோவு வந்தது. 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி அந்தச் சாலைகளில் வேலை செய்த பிள்ளைகளை விசாரித்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அழகான நீலத் தட்டுக்குப் பின்னால் பத்து வயது கூட நிரம்பாத பிள்ளைகளின் வேலை இருந்ததை அதில் காணலாம். நமக்கும் அதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. மெருகு வெடித்த பழைய பீங்கானில் புளிக்கறி, தேசிக்காய் ஊறுகாய் போன்றவற்றை வைத்துச் சாப்பிடாதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும். அலுமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு வரக் காரணமான ஒன்று. சீனப் படங்கள் அலுத்தபோது சாலைக்காரர் புத்தகங்களைப் புரட்டினார்கள். தோமஸ் டானியல், அவருடைய சகோதரனின் மகன் வில்லியம் டானியல் இருவரும் இந்தியாவில் ஊர் ஊராகத் திரிந்து வரைந்த படங்கள் 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை வெளியாகின. 144 படங்கள். அன்றைக்குப் படங்களுக்கு இறுக்கமான காப்புரிமை இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். லிவர்பூலில் இருந்த ஹெர்குலேனியம் சாலை அவற்றைத் தட்டில் ஏற்றியது. அதில் ஒன்று மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி.  ஸ்போட் சாலை, வில்லியம்சன் எழுதி 1805–07இல் வெளிவந்த வேட்டைப் புத்தகத்திலிருந்து புலி, கரடி, பன்றி வேட்டைகளை எடுத்தது. லோங்போர்ட் ஊரின் ரொஜர்ஸ் சாலை டில்லியின் இடிபாடு ஒன்றைப் போட்டது. ரைலி சாலை, வெவ்வேறு ஊர்களில் வரைந்த இரண்டு டானியல் படங்களை ஒட்டி ஒரு தெருவே செய்தது.

யோசித்துப் பாருங்கள். லிவர்பூல் வீட்டு மேசையில் மதுரைக் கோட்டையின்மேல் மாட்டிறைச்சி வைத்துச் சாப்பிட்டார்கள். நமக்கு வந்ததோ அவர்கள் கற்பனை செய்த சீனா. இதில் கோபிக்க ஒன்றுமில்லை, சிரிக்கலாம். 1842இல் வடிவங்களுக்கான காப்புரிமைச் சட்டம் வந்தபிறகு புத்தகப் படங்களை எடுப்பது குறைந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் யாருடைய ஊரும் இல்லாத ஊர்கள்: ஓர் ஏரி, ஒரு பூச்சாடி, தூரத்தில் ஒரு மண்டபம்.

சரி, இவை நம்முடைய மட்டக்களப்புக் கரைக்கு எப்படி வந்தன? மட்டக்களப்புக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். பிறகு கச்சேரி உத்தியோகத்தர், தென்னந்தோட்டக்காரர், வாடிவீடு எல்லாம் வந்தன. புகையிரதம் 1928இல்தான் மட்டக்களப்பை எட்டியது. அதற்கு முன் சாமான் பெரும்பாலும் கடல்வழி. 'லேடி ஹேவ்லொக்' போன்ற கரையோரக் கப்பல்கள் தீவைச் சுற்றி வந்த காலம் அது. துரையின் வீட்டில் இருந்த தட்டு ஏலத்தில் ஒரு கைக்கு மாறும். சமையற்காரருக்கு ஒன்று கிடைக்கும். முஸ்லிம் வியாபாரி கொழும்பிலிருந்து ஒரு பெட்டி இறக்குவார். சீதனத்தில் இரண்டு போகும். எந்தத் தட்டு எந்த வழியால் வந்தது என்பதை அந்த அந்த வீட்டார்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது கையில் ஒரு பீங்கானை எடுங்கள். முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவி, பின்னால் வைத்த விரலின் நிழல் தெரிந்தால் அது சீனப் பீங்கானாகவோ, எலும்புச் சாம்பல் கலந்த ஆங்கிலப் பீங்கானாகவோ இருக்கலாம். தெரியாவிட்டால் மண்பாண்டம். நாம் பேசும் பெரும்பாலான சாமான் இந்த இரண்டாவது வகை. விரலால் சுண்டினாலும் மண்பாண்டம் மந்தமான ஒலிதான் தரும்.

பிறகு ஓரத்துக் கரையை மெல்லச் சுற்றி வாருங்கள். கையால் வரைந்ததென்றால் தூரிகையின் தடிப்பும் மெலிவும் இருக்கும், நீலம் தண்ணீர்போல ஓடியிருக்கும். அச்சு என்றால் ஊசி முனைபோன்ற கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் பூங்கொடி பொருந்தாமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்தப் பெண்பிள்ளை கத்தரித்த தாளின் நுனி அது. பல சேகரிப்பாளர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அதுதான் சாட்சி. அந்த மூட்டு எங்குமே இல்லாத, மிக ஒழுங்கான தட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பிற்காலத்து ஒட்டுப்படமாக இருக்கலாம். ஒட்டுப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பத்திரிகைப் படம்போல ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தெரியும். மெருகுக்கு மேலே ஒட்டியதென்றால் விரலுக்கும் தட்டுப்படும். நம்முடைய வீடுகளில் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தும் அழியாமல் நிற்கும் நீலம் மெருகுக்கு அடியில் உள்ளது.

அடுத்து, கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையத்தின் உள்மூலையில் மெருகு தேங்கிய இடம் என்ன நிறம்? இலேசான நீலம் என்றால், பழைய வகை. மஞ்சள் சாயல் மண்ணை வெள்ளையாகக் காட்ட மெருகிலேயே ஒரு சொட்டு நீலம் விட்ட காலம் 1770களின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகள் வரை. நாம் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது போலத்தான். சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சிறு முக்காலிகளை இடையில் வைப்பார்கள். அதன் வடுக்கள் மூன்று மூன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் முத்திரை. முதலில் முத்திரையைப் பார்க்கிறவர் எளிதாக ஏமாறுவார். முத்திரையே இல்லாத தட்டுகள், முக்கியமாகப் பழையவை, ஏராளம். அதனால் அவை போலி ஆகிவிடாது. முத்திரை இருந்தால், அதில் வைரம்போல நாற்கோணச் சின்னம் உண்டா என்று பாருங்கள். 1842 முதல் 1883 வரை வடிவத்தைப் பதிவு செய்தவர்கள் அதைப் போட்டார்கள். உச்சியில் சிறு வட்டத்துக்குள் ரோம இலக்கத்தில் நான்கு என்று இருந்தால் மண்பாண்ட வகுப்பு. 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து அந்த வட்டத்துக்குக் கீழே உள்ள மேல் மூலையில் இருக்கும். 1868 முதல் வலது மூலைக்குப் போய்விடும். 1884இலிருந்து சின்னம் போய் வெறும் பதிவு இலக்கம் வந்தது. ஆனால் அது வடிவத்தைப் பதிந்த ஆண்டு. உங்கள் தட்டு அதற்குப் பத்து வருடம் கழித்தும் சுட்டதாக இருக்கலாம். 'இங்லண்ட்' என்று நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா தன் மக்கின்லி சட்டத்தால் இறக்குமதிச் சாமானில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று கேட்டதன் விளைவு அது. 'மேட் இன் இங்லண்ட்' என்றிருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முத்திரைக்குள் 1770, 1790 என்று ஓர் ஆண்டு தனியாக அச்சிட்டிருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். அது சாலை தொடங்கிய ஆண்டு.

எல்லாம் இங்கிலாந்தும் அல்ல. கிளாஸ்கோ நகரத்து ஜே. அன்ட் எம். பி. பெல் கம்பனி, 1880களின் பிற்பகுதியிலிருந்து கிழக்கு நாடுகளுக்கென்றே தட்டுகள் செய்தது. பின்னால் மலாய்ப் பெயர். சிலவற்றில் அரபு எழுத்தில் எழுதிய மலாய். அரபு எழுத்தைக் கண்டதும் மக்காவிலிருந்து ஹாஜியார் கொண்டுவந்தது என்று ஒரு வீட்டில் எண்ண இடமுண்டு. அது ஸ்கொட்லாந்துத் தட்டு. ஒல்லாந்தர் கதையும் அப்படித்தான். பின்னால் மாஸ்ட்ரிக்ட் என்றும் பெட்ருஸ் ரெகூ என்றும் பெயர் இருக்கும். ஒல்லாந்து நாட்டுச் சாமான்தான், சந்தேகமில்லை. ஆனால் ரெகூ பீங்கான் சாலை தொடங்கியது 1836இல். ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப்போய் அதற்குள் நாற்பது வருடம் ஆகிவிட்டது. 'கோட்டையிலிருந்து எடுத்தது' என்று கூடுதல் விலை சொல்கிறவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேளுங்கள்.

முழுப் பீங்கானைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இந்தக் கரையில் முழுதாக எஞ்சியது எவ்வளவு? 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 திசம்பர் கடற்கோள், 2006இலும் 2007இலும் போருக்குத் தப்பி வாகரைப் பக்கத்துச் சனம் உடுத்த உடையோடு ஓடிய ஓட்டம். ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, பீங்கானைத் தூக்குவார்களா? ஆகவே யாழ்ப்பாணத்திலும் காலியிலும் அலுமாரிக்குள் இருப்பது நமக்கு வளவு மண்ணுக்குள் துண்டுகளாக இருக்கிறது. அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில் அல்லைப்பிட்டி என்ற ஊரில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞர் எடுத்த உடைந்த சீனப் பீங்கான்கள்தான், சோங் அரசமரபுக் காலத்தில் அந்தக் கரைக்குச் சீனச் சரக்கு வந்ததை உலகுக்குக் காட்டின. ஆங்கிலத் துண்டுகளுக்கு இன்னும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. வயது போதாது என்பார்கள். பழமையாவதற்குள் பொறுக்கி வைக்காவிட்டால் பிறகு வயது இருக்கும், துண்டு இருக்காது.

துண்டு எடுத்தால் எங்கே எடுத்தது என்பதுதான் முக்கியம். கடல் உருட்டிய துண்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். வளவில், பழைய கிணற்றடியில், மழை அரித்த இடத்தில் கூர் விளிம்போடு கிடைத்தால் அங்கே ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டார் இந்தப் பீங்கானில் சாப்பிட்டார்கள் என்று பொருள். கடலோரத் துண்டை நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே ஏறிய உப்பு காய்ந்தால் மெருகைக் கிளப்பிவிடும். வெளுக்கும் மருந்து போடாதீர்கள். மஞ்சள் கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓர் எச்சரிக்கை. நிலத்தை வெட்டித் தேடாதீர்கள். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. மண்ணிலும் நீரிலும் இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குரியது. நாம் பேசும் அச்சுப் பீங்கான் பெரும்பாலும் அந்தத் திகதிக்குப் பிந்தியதுதான். ஆனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கதிரவெளியில் பெருங்கற்கால ஈமக்கற்கள் இருப்பது நீங்கள் அறிந்ததே. மேலே கிடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழமையானது என்று தோன்றினால் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் வாளி தந்து பழைய பீங்கான் வாங்கும் வியாபாரிகள் ஊருக்குள் வருகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவர்கள். ஆனால் அந்தத் தட்டு கொழும்புக் கடைக்குப் போனால் அது ஒரு நீலத் தட்டு, அவ்வளவுதான். மாங்கேணியில் இருக்கும்வரை, யாருடைய அம்மம்மாவுக்கு யார் கொடுத்தது என்ற விபரம் அதோடு கூட இருக்கிறது. முத்திரையை உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் தேடலாம். இந்த விபரத்தைத் தேட வேறு இடமில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்தோ அயல்வீட்டிலிருந்தோ ஒரு பழைய பீங்கானின், துண்டானாலும் சரி, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, யாருடையது, எப்படி வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டு மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வரட்டும். ஒரு பிரதியைப் பாடசாலையில் வையுங்கள். ஒரு பிரதியை வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். தாய்மாருக்கும் ஒரு சொல்: விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். விற்பதானாலும், முதலில் கவிழ்த்து ஒரு படம் எடுத்து, வந்த வழியை இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு விற்பனை செய்யுங்கள்.